சொண்டின் அடியில் இரண்டு சிவப்புப் புள்ளி

நேற்று நீங்கள் எல்லோரும் எனக்கு அனுப்பிய கைதட்டல்களையும் பூங்கொத்துகளையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பூவை எப்படித் திருப்பி எடுப்பது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் அவை எனக்கு உரியவை அல்ல. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம் வகுப்புக் குழுவில் நீளமாக எழுதினால் யாரும் வாசிப்பதில்லை என்பதும் தெரியும். கல்யாண வீட்டுப் படங்களைப் பார்த்து முடித்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நடந்ததை மறந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். மூன்றாம் வாங்கில் இருந்த நம் தோழியின் கடைசி மகன் கமராவும் கையுமாக அலைகிறவன். சாகாமக் குளத்தில் ஒரு காட்டுத் தாராவைப் படம் பிடித்திருந்தான். இது என்ன பறவை, முன்பு யாராவது இந்தப் பக்கம் கண்டிருக்கிறீர்களா என்று தோழி குழுவில் போட்டாள். ஒருத்தி நீர்க்காகம் என்றாள். ஒருத்தி நாரை என்றாள். எப்போதும் கணக்கில் முதலாவதாக வருகிறவள், இறைச்சி ருசியா என்று கேட்டாள். நான் ஒரு நிமிடத்தில் பதில் எழுதினேன்: "புள்ளிமூக்கு வாத்து. உடம்பு செதில் செதிலாக மண்ணிறம். சொண்டு கறுப்பு, நுனி மட்டும் மஞ்சள், அடியில் இரண்டு பக்கமும் சிவப்புப் புள்ளி. சின்ன வயதில் இதே குளத்தில் நான் கூட்டோடு கண்டுபிடித்தேன்."

அந்தப் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பறவை நம் பக்கத்தில் வெகு அரிதாம். கூடு கட்டியதாக யாரும் சொல்லி அவன் கேட்டதில்லையாம். "மாமி, உங்கள் பெயரைப் போட்டு எழுதப் போகிறேன்" என்று செய்தி அனுப்பினான். நான் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பினேன். பிறகு நீங்கள் கைதட்டத் தொடங்கினீர்கள்.

நான் எழுதிய அடையாளங்களில் ஒரு பிழையும் இல்லை. "கண்டுபிடித்தேன்" என்பதுதான் பொய்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வாப்பா நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்தார். சாகாமக் குளத்தின் துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவதும், மூடுவதும், மாரியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும்போது காவல் நிற்பதும் அவர் பொறுப்பு. நாங்கள் கல்முனைக்குடியில் உம்மாவின் வீட்டில் இருந்தோம். வாப்பா ஜும்ஆவுக்கு வந்து சனிக்கிழமை திரும்பிவிடுவார். மார்கழி லீவுக்கு மட்டும் உம்மா சட்டி பானை, பாய் தலையணை எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு குளத்தடிக் குவாட்டஸுக்குப் போவார். தகரக் கூரை. மழை பெய்தால் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. உடுத்துக் களைந்த துணி மூன்று நாளானாலும் காயாது, எல்லாச் சட்டையிலும் ஒரு புளித்த வாடை. எனக்கு அது பிடிக்கும். அந்த வாடை வந்தால் வாப்பா ஏழு நாளும் எனக்குத்தான் என்று அர்த்தம்.

வாப்பாவுக்குப் பறவைப் பைத்தியம் இருந்தது. மாற்றலாகிப் போன ஒரு இஞ்சினியர் விட்டுச் சென்ற பறவைப் புத்தகம் ஒன்றும் தூரக்கண்ணாடி ஒன்றும் அவரிடம் இருந்தன. புத்தகத்தில் தாராக்கள் இருந்த பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. தூரக்கண்ணாடியின் ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்து வெளுத்துப் போனதால் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கலாம். அதன் வார் அறுந்துபோய், உம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார். இவ்வளவு கெட்ட சாமானுக்காக நான் என் வாழ்க்கையில் வேறு எதற்கும் படாத ஆசைப்பட்டேன்.

ஏனென்றால் வாப்பா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். புதிதாக ஒரு பறவையை முதலில் காண்கிறவர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நிறம், சொண்டு, அது செய்கிற வேலை. சரியாகச் சொன்னால் வீடு வரும்வரை தூரக்கண்ணாடியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். தாரா என்றால் நாலாவதாக ஒரு கேள்வியும் வரும்.

"தலைய மட்டும் முக்கி வாலத் தூக்குதா, இல்லாட்டி முழுசா முங்குதா?"

வாலைத் தூக்குகிறவை முழங்கால் அளவு தண்ணீரில் அல்லியும் புல்லும் உள்ள இடத்தில் மேயும் என்றும், முழுசாக மூழ்குகிறவை நடுக்குளத்தில் நிற்கும் என்றும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். விளையாட ஆள் நான் ஒருத்தி மட்டும் என்பதால் தூரக்கண்ணாடி எப்போதும் என் கழுத்தில்தான் வீடு வரும். போட்டி இல்லாத ஓட்டத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருடம் சாச்சியின் மகளும் எங்களோடு பஸ் ஏறினாள். சாச்சி உம்மாவின் தங்கை. சயரோகம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளையைக் கிட்ட விட வேண்டாம், ஒரு வருடமாவது தள்ளி வைத்திருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே லீவு முடிந்த பிறகும் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்து படிப்பாள் என்று பேசி முடித்திருந்தார்கள். என்னைவிட ஒரு வயது இளையவள். மெல்லிய உடம்பு, பெரிய கண், வாய் திறக்கவே மாட்டாள். என்னை ராத்தா என்று கூப்பிடுவாள்.

வந்த முதல் நாளே உம்மா அவளுக்குத்தான் முதலில் எண்ணெய் வைத்துத் தலை பின்னினார். என் பெருநாள் சட்டை, நீலப் பூப்போட்டது, இன்னும் எனக்கு அளவாக இருந்தபோதே அவளுக்குப் போனது. பொரித்த மீனில் நடுத்துண்டு அவளுக்கு. படுக்கையில் உம்மாவின் பக்கம் அவளுக்கு. நான் முகத்தைத் தூக்கினால் உம்மாவிடம் ஒரே பதில்தான்.

"அவட உம்மா வருத்தக்காரி. நீதானே மூத்தவ, விட்டுக் குடு மகள்."

நான் விட்டுக் கொடுத்தேன். உம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம், எங்கட புள்ளைக்குப் பொறாமையே இல்ல, தங்கமான குணம் என்று சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தத் தங்கத்துக்குள் என்ன எரிந்துகொண்டிருந்தது என்று பெற்ற தாய்க்கே தெரியவில்லை. படுக்கையில் அவள் மூச்சு விடுகிற சத்தம்கூட எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் சாச்சியின் வருத்தம் ஒட்டியிருந்து இருமினால் நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறேன். நினைத்தேன்தான். இந்த வயதில் எதை மறைக்க?

மீனையும் சட்டையையும் பொறுத்துக்கொண்டேன். தூரக்கண்ணாடிதான் பொறுக்க முடியாமல் போனது.

நான் குளக்கட்டில் கால் வைத்தவுடன் கதைக்கத் தொடங்குகிறவள். அவள் குந்தினால் குந்தினதுதான், கல்லுப் போல இருப்பாள். மூன்றாம் நாள் வாப்பாவின் சட்டையை மெதுவாக இழுத்து, "பெரியவாப்பா, அந்தக் கட்டைக்குக் கீழ ஒண்டு" என்றாள். எனக்குத் தெரிந்தது கட்டை மட்டும். வாப்பா ஒற்றைக் கண்ணை வைத்துக் கனநேரம் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, உண்மைதான்!" என்றார். அது குருட்டுக் கொக்கோ என்னவோ, எனக்கு ஞாபகம் இல்லை. சேலைக் கரை வாரை அவர் அவள் கழுத்தில் போட்டதுதான் ஞாபகம். அன்றிலிருந்து அது என் கழுத்துக்குத் திரும்பி வரவில்லை. நாலைந்து நாளில் வாப்பா குளத்துக்குப் புறப்படும்போது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். பிறகு, "நீயும் வாறயா மகள்?" என்று என்னைக் கேட்பார்.

நீயும்.

இனித் தாராவின் கதை. குளத்தின் மேற்குப் பக்கம் ஆழம் இல்லை. அல்லியும் பன் என்கிற கோரையும் வளர்ந்து, மாடு இறங்கினால் முழங்கால் வரைக்கும்தான் தண்ணீர். அதையொட்டி வயல். அங்கே கல்முனைக்குடியிலிருந்து வந்து வெள்ளாமை பார்க்கிற ஒருவர் வாடிக் குடிசை போட்டு இருந்தார். நாங்கள் அண்ணன் முறையில் வயல்காரக் காக்கா என்போம். மழை விட்டிருந்த ஒரு காலையில் வாப்பா, நான், அவள் மூன்று பேரும் வரம்பால் போனபோது, பன்னுக்குள்ளிருந்து ஒரு பெரிய தாரா படபடவென்று வெளியே விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு செட்டை தொங்கியது. நிலத்தில் இழுபட்டுக்கொண்டு நாலடி ஓடும், குப்புற விழும், எழும்பும், மறுபடி ஓடும். வாய்விட்டுக் கத்தியது.

வாடியிலிருந்த வயல்காரக் காக்கா கண்டுவிட்டார்.

"செட்ட முறிஞ்ச தாரா! சாக முந்தி அறுக்கணும், செத்தா ஹறாம்! ஓடி வாங்க!"

இடுப்பிலிருந்த வில்லுக்கத்தியை விரித்துக்கொண்டு பாய்ந்தார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஆட்கள் வேறு எதற்கு ஆறுதலாக இருந்தாலும் இதற்கு இருக்க மாட்டார்கள். உயிர் போவதற்குள் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால் கறி, தவறினால் குப்பை. வாப்பாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். எனக்குக் கறியில் ஆசை இல்லை. அதை நான் பிடித்தால் வாப்பா என்னைப் பார்ப்பார், அதுதான். ஒரு வயல், இரண்டு வயல், மூன்றாவது வயலையும் மிதித்துத் தள்ளினோம். தாரா எப்போதும் எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே விழுந்துகொண்டு போனது. காக்கா கத்தியை ஓங்கி "பிஸ்மில்லாஹ்" என்று தொடங்கினார். "அல்லாஹு அக்பர்" வருவதற்குள் தாரா இரண்டு செட்டையையும் விரித்து, ஓட்டமும் எடுக்காமல், நின்ற இடத்திலிருந்து நேரே மேலே எழும்பிப் பறந்தது. முறிவும் இல்லை ஒன்றும் இல்லை.

மூன்று பேரும் தொடை வரைக்கும் சேறு. காக்கா வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தார். வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்தால், சாச்சி மகள் நாங்கள் விட்ட இடத்திலேயே குந்தியிருக்கிறாள். ஒரு துளி சேறு இல்லை. தாரா ஓடிய பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. அது வெளியே வந்த பன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவாப்பா, அது ஏமாத்தினது. இஞ்ச ஒம்பது முட்ட இரிக்கி."

பன்னை விலக்கிக் காட்டினாள். புல்லும் தூவியும் வைத்து மெத்தென்று ஒரு கூடு. வெளிறிய முட்டைகள், தொட்டால் சுட்டன.

"எப்படிப் புள்ள தெரிஞ்ச ஒனக்கு?" என்று வயல்காரக் காக்கா கேட்டார்.

"செட்ட முறிஞ்சா ஒளிக்கும். இது நம்மட கண்ணுக்கு முன்னுக்கு வந்து கத்திச்சே" என்றாள்.

வாப்பா அவள் தலையில் கையை வைத்தார். சேறு படிந்த கை. அந்தச் சேறு அவள் முடியில் காய்ந்து உதிரும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. மூன்று வயல் ஓடியவள் நான். குந்தியிருந்தவளுக்குத் தடவல்.

முட்டையை எடுத்துக்கொண்டு போகக் காக்காவுக்கு ஆசை. வாப்பா விடவில்லை. இது இங்கே இருக்கிற தாராக்களில் ஒன்றும் இல்லை, புதிசாக இருக்கிறது, என்ன என்று அறிய வேண்டும் என்றார். ஆனால் வாப்பாவுக்கு அப்போதே கண்ணில் பூ விழத் தொடங்கியிருந்தது. தாரா தூரத்தில் தண்ணீரில் நின்றால் மண்ணிறமாக ஒரு உருவம்தான் அவருக்குத் தெரியும். புத்தகத்திலோ அந்தப் பக்கங்கள் இல்லை. ஆகவே பார்க்கிற வேலையை அவளிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் அவள் வரம்புப் புல்லில் வயிற்றைக் கீழே வைத்துக் கிடந்தாள். இரண்டாம் நாள் நானும் பக்கத்தில் கிடந்தேன், அவள் மட்டும் பார்க்கக் கூடாதே என்பதற்காக. தாரா சத்தமில்லாமல் பன்னுக்குள் நீந்தி வந்தது. பத்தடி கூட இருக்காது. கறுத்த சொண்டு. நுனியில் பழுத்த மஞ்சள். சொண்டு நெற்றியைத் தொடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் மருதாணிப் பொட்டு வைத்த மாதிரிச் சிவப்பு. செட்டையில் ஒரு வெள்ளைக் கீறல். கால் செம்மஞ்சள். நான் பார்த்தேன். என் கண்ணால் நன்றாகப் பார்த்தேன். இதை மறக்க வேண்டாம்.

கல்முனையில் ஒரு கிறிஸ்தவ மாஸ்டர் இருந்தார். பறவைகளைப் பற்றிக் கொழும்புக்கெல்லாம் எழுதுகிறவர், முழுப் புத்தகமும் வைத்திருப்பவர். ஆள் உடம்பு முடியாதவர், மழைக்குள் சாகாமம் வரமாட்டார். அவருக்குக் கடிதம் எழுத வாப்பா முடிவு செய்தார். அவள் சொல்லச் சொல்லத் தன் கொப்பியில் கிறுக்கி வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஒன்ட எழுத்துத்தான் முத்து மாதிரி. வடிவா ஒரு தாளில எழுதித் தா மகள். எனக்கு இப்ப எழுத்தெல்லாம் ஊருது."

பல நாளைக்குப் பிறகு வாப்பா முதலில் என்னைக் கூப்பிட்டார், அதுவும் அவளுடைய புகழை அழகாக எழுதுவதற்கு. கடிதத்தின் முதல் வரியிலேயே அவள் இருந்தாள்: என் மைத்துனியின் மகள், வயது பத்து, கண்டுபிடித்து அறிவித்தபடி. என் பெயர் எங்கும் இல்லை. முத்துக்குப் பெயர் எதற்கு?

நான் எழுதினேன். நிறம், காலின் நிறம், இருப்பிடம், அல்லி, பன், முழங்கால் தண்ணீர், தலையை முக்கி வாலைத் தூக்குவது, எல்லாம் இருந்தபடி. சொண்டு வந்த இடத்தில் பேனை நின்றது. வெளியே மழை. உம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். "சொண்டு முழுவதும் மஞ்சள்" என்று எழுதினேன். சிவப்புப் புள்ளியை விட்டுவிட்டேன். வெள்ளைக் கீறலையும் விட்டேன். வாப்பா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். சோற்றுப் பருக்கையால் கடித உறையை ஒட்டி, தபால் பெட்டியில் போடும்படி அவளிடமே கொடுத்தேன். அதிலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அதற்குள் வாப்பா வயல்காரக் காக்காவுக்கும், கந்தோரில் கூட வேலை செய்கிறவர்களுக்கும், துருசடியில் மாடு கழுவ வந்தவர்களுக்கும் நம் குளத்துக்குப் புதுத் தாரா வந்திருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டார். அடைமழை பிடித்துக் குளம் வான் பாய்ந்தது. கூட்டடிக்குப் போய்ப் பார்த்தால் உடைந்த முட்டைக் கோது மட்டும் கிடந்தது. குஞ்சு பொரித்துப் போய்விட்டன என்றாள் அவள். பாம்பு குடித்தது என்றார் காக்கா.

மாஸ்டரின் பதில் வந்தது. நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நீங்கள் குறிப்பிட்ட அடையாளங்களின்படி அது யாரோ வளர்த்துத் தப்பியோடிய ஊர்த் தாராவாகவே இருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு எழுதும்போது கவனம் தேவை. தூரக்கண்ணாடியைச் சுத்தம் செய்து தாங்களே பாருங்கள். வாப்பா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு தரம்.

வயல்காரக் காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்டைக்கி நாம கத்தியத் தூக்கிட்டு ஓடினது ஊர்த் தாராக்குப் பொறகாலயா?"

வாப்பாவின் முகம் செத்துப் போயிற்று. கடிதத்தில் சிவப்புப் புள்ளியும் போயிருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவர் அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கேட்டார்.

"நீ உண்மையா செகப்புப் புள்ளி கண்டயா புள்ள? இல்லாட்டி நான் சந்தோசப்படணும் எண்டு சொன்னயா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"கண்டன் பெரியவாப்பா" என்றாள்.

"ராத்தாவும் பக்கத்தில கிடந்தாவே. நீ கண்டயா மகள்?" வாப்பா என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மஞ்சளாத்தான் தெரிஞ்ச" என்றேன்.

அவ்வளவுதான். உம்மா அடுக்களையிலிருந்து, பிறத்தியாருடைய பிள்ளை, காணாததைக் கண்டேன் என்று கதைக்கிறாள், நாளைக்கு வேறு என்ன சொல்லி வைப்பாளோ, எனக்குப் பொறுப்பு எடுக்க ஏலாது என்றார். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே அவளைக் கல்முனைக்குடியில் சாச்சியிடம் கொண்டுபோய் விட்டார்கள். பஸ்ஸில் ஏறும்போது நீலப் பூச்சட்டையை மடித்து என்னிடம் தந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். வாப்பா எனக்குத் தூரக்கண்ணாடியைத் தந்தார், ஆனால் விளையாட்டு முடிந்துபோயிருந்தது. அவர் அதற்குப் பிறகு யாரிடமும் மூன்று அடையாளம் கேட்கவில்லை. கொப்பியும் எங்கோ போயிற்று.

மூன்று மாதத்தில் சாச்சி மௌத்தானார். சின்னப் பிள்ளையை வருத்தக்காரியின் வீட்டுக்குத் துரத்தினது நான்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அல்லாஹ்வின் காவல், அவளுக்கு வருத்தம் ஒட்டவில்லை. குடும்பத்தில் அவளுக்குப் புளுகி என்று பெயர் விழுந்தது. கலியாண வீடுகளில் அவள் ஏதாவது சொன்னால், தாராக் கதையா என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் அந்தச் சிரிப்பில் இருந்திருக்கிறேன்.

பிறகு நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில், நூலகத்தில், அந்தப் புத்தகம் முழுசாக இருந்தது. எங்கள் புத்தகத்தில் கறையான் தின்ற பக்கத்தைத் திறந்தேன். இரண்டு சிவப்புப் புள்ளி என்னைப் பார்த்தது. அப்போது வாப்பா உயிரோடு இருந்தார். அடுத்த பஸ்ஸில் ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில், கண் இரண்டும் போன பிறகு, ஒருநாள் தானாகவே கேட்டார்: "அந்தப் புள்ள சொன்னது சிலநேரம் உண்மையா இரிக்குமோ?" நான் மருந்து ஊற்றிக்கொண்டு, "அதெல்லாம் பழைய கத வாப்பா" என்றேன்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் நேற்று நீங்கள் பூ அனுப்பினீர்கள். படத்தைக் கண்டவுடன் என் விரல் தானாக எழுதியது என்று சொல்லலாம். சொல்லமாட்டேன். "சாச்சி மகள்" என்று முதலில் எழுதி, அழித்துவிட்டு, "நான்" என்று போட்டேன். அறுபது தாண்டியும் அந்த ஒரு புகழை அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

அவள் நம் வகுப்பில் படித்ததில்லை, குழுவிலும் இல்லை. கல்முனைக்குடியில்தான் மகளோடு இருக்கிறாள். இன்று லுஹர் தொழுதுவிட்டு, பாயை மடிக்காமலே அவளுக்குப் போனில் கோல் எடுத்தேன். சுகம் விசாரித்தோம். மருமகனின் கடை, என் முழங்கால் வலி. பிறகு நான் ஒரே மூச்சில் சொன்னேன். கடிதத்தில் சொண்டை மாற்றினது நான், புள்ளியை விட்டது நான், உன்னைத் துரத்தினது நான், மன்னிச்சுக்கோ என்றேன். அழுகையும் வந்தது.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"ராத்தா, அது எனக்குத் தெரியுமே."

"எப்படி?"

"சோத்தால ஒட்டினது ஈரம் காயல்ல. போற வழியில நான் தொறந்து வாசிச்சன்."

ஏன் அப்போதே வாப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நம்பியிருப்பாரு. நம்பினா என்னைய இன்னம் ஒரு வருஷம் அங்கதான் வெச்சிருப்பீங்க. எனக்கு உம்மாட்டப் போகணும் எண்டு இரிந்திச்சி. ராவையில எவ்வளவு அழுதிருப்பன், நீ பக்கத்தில நித்திர. யாருக்கிட்டச் சொல்லியும் விடமாட்டாங்க. ஒன்ட கடிதத்த வாசிச்சதும் வெளங்கிச்சி, இதோட என்னைய அனுப்பிருவாங்க எண்டு. திரும்ப ஒட்டிப் பெட்டிக்குள்ள போட்டன். அந்த மூணு மாசமும் உம்மாட தலைமாட்டிலதான் இரிந்தன். அதுக்கு ஒனக்கு எத்தின துஆ கேட்டிருப்பன்."

அவளே தொடர்ந்தாள்.

"ஒண்டுதான் நெஞ்சில கெடக்கு. பெரியவாப்பா மௌத்தாகும் வரைக்கும் என்னப் பொய்க்காரி எண்டு நினச்சிட்டாரு."

வாப்பா கடைசியில் கேட்டதை அவளுக்குச் சொன்னேன். நான் கொடுத்த பதிலையும் சொன்னேன்.

"கேட்டாரா?" என்றாள். பிறகு மறுபடி, "அவராவே கேட்டாரா ராத்தா?"

"ஓம். அவராகவே."

போனை வைத்த பிறகு எனக்கு ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வந்தது அந்தப் பழைய மிளகாய்தான். இவ்வளவு காலமும் நான் என் பாவம் என்று தூக்கிச் சுமந்ததை, பத்து வயதில் அவள் வாசித்து, மடித்து, திரும்ப ஒட்டி, தனக்கு வேண்டிய இடத்துக்குப் போகப் பயன்படுத்தியிருக்கிறாள். என் களவைக்கூட முதலில் கண்டது அவள். வாப்பா சாகும் தறுவாயில் நினைத்ததும் அவளை. பக்கத்திலிருந்து மருந்து ஊற்றியது நான்.

தன் பெயரை எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்தேன் என்று ஒரு பெருமையாவது எனக்கு இருந்திருக்கும்.

சற்று முன்பு அந்தப் பிள்ளைக்கு எழுதிவிட்டேன். கூட்டைக் கண்டுபிடித்தவர் யார், அப்போது அவருக்கு என்ன வயது, அவர் சொன்ன அடையாளங்கள் என்ன, எல்லாம் எழுதினேன். அவளுடைய முழுப் பெயரையும் போட்டேன். அனுப்புவதற்கு முன் இரண்டு தரம் வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்ற ஆசையாகத்தான் இருந்தது.